எல்லோருக்கும் தடை

காலை ஏழு மணிக்கு ஊத வேண்டிய சங்கு அன்று ஊதவில்லை.

தாயில்பட்டிக்குத் தெற்கே கரிசல் காட்டுக்கு நடுவில் இருந்தது அந்தப் பட்டாசுக் கம்பெனி. மொத்தம் முப்பத்திரண்டு அறைகள். ஒன்றுக்கொன்று எட்டி எட்டி நிற்கும். ஒன்று வெடித்துப் போனாலும் பக்கத்து அறை தப்ப வேண்டும். ஆபீஸ் மாடியில் ஓர் இரும்புக் கம்பம், அதன் உச்சியில் சோற்றுப் பானை அளவில் ஒரு கருவி. வானத்தில் மின்சாரம் கூடுவதை அது அளந்து சொல்லும். அளவு இரண்டைத் தொட்டால் ஆபீஸ் கம்ப்யூட்டர் சங்கை ஊதிவிடும். சங்கு கேட்டால் அறுபத்து நாலு பேரும் போட்டது போட்டபடி வெளியே வந்து, இடிதாங்கி வைத்த சாப்பாட்டுக் கூடத்துக்குப் போய்விட வேண்டும். தினமும் ஏழு மணிக்கு அது தானாக ஒரு தரம் ஊதிக் காட்டும்.

அன்று திரையில் ஒரு சின்னப் பெட்டி மட்டும் நின்றது. ஆக்சஸ் டினைட். அனுமதி இல்லை.

மாரிக்கண்ணன் அதையே பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். வயது இருபத்தாறு. நாலு வருஷம் அதே கம்பெனியில் குழாய்களுக்குள் வெடிமருந்து செலுத்தியவன். தபால் வழியில் பி.காம். முடித்து, இரண்டு வருஷமாக ஆபீஸில் இருக்கிறான். முந்தின நாள் சாயங்காலம் தான் செய்த காரியம் அவனுக்குத் தெரியும்.

யாரோ அந்த இரண்டை ஐந்தாக்கி வைத்திருந்தார்கள். சங்கு ஊதினால் ஒரு மணி நேர வேலை போகும், பீஸ் ரேட்டில் வேலை செய்கிறவர்களுக்கு அது பெரிய கடுப்பு. யார் மாற்றியது என்று அவன் விசாரிக்கவில்லை. விசாரித்தால் பாதிக் கம்பெனி வந்து நிற்கும். திரும்ப இரண்டாக்கினான். இனி எவரும் தொடக்கூடாது என்று ரெஜிஸ்ட்ரிக்குள் போனான். கம்ப்யூட்டர் தன் ஒவ்வொரு அமைப்பையும் எழுதி வைத்திருக்கும் இடம் அது. சங்குக்கான பகுதியைத் தேடிப் பிடித்து, அனுமதிப் பட்டியலில் ‘எவ்ரிஒன்’ என்று சேர்த்து, ‘டினை’ என்ற கட்டத்தில் டிக் அடித்தான். எல்லோருக்கும் தடை. நிச்சயம்தானா என்று அது ஒரு தரம் கேட்டது. நிச்சயம்தான் என்றான்.

மருந்து கலக்கிற அறைக் கதவில் ஒரு போர்டு உண்டு. எவரும் உள்ளே நுழையக்கூடாது. போர்மேன் சோலைமலை தினமும் விடிகாலையில் அந்தப் போர்டைத் தாண்டித்தான் உள்ளே போய் மருந்து கலக்குவார். இருபது வருஷமாக அந்த எழுத்து அவரைத் தடுத்ததில்லை. தடுக்கும் என்று யாரும் நினைத்ததுமில்லை. வேலை தெரிந்தவன் ‘எவரும்’ என்பதில் சேர மாட்டான். அந்தக் கதவைப் பார்த்துப் பழகிய மாரிக்கண்ணனும் அப்படித்தான் நினைத்தான். எல்லோருக்கும் தடை என்றால் தனக்கு இல்லை, சங்குக்கும் இல்லை.

சோலைமலை வாசலில் வந்து நின்றார்.

“என்னலே, சத்தத்தக் காணோம்.”

“ஏதோ கோளாறு அண்ணாச்சி.”

“மருந்து கலந்தாச்சு. ரெண்டு மணிக்குள்ள செலுத்தி முடிக்கணும். வச்சிருந்தா அதுவா சூடேறும். கம்ப்யூட்டர் பாயக் கூப்பிடு.”

“எல்லாரையும் வெளிய இருக்கச் சொல்வமா?”

“கலந்த மருந்த யாரு, நீ செலுத்துவியா? மானத்த நான் பாத்துக்கிடுதேன்.” கழுத்தில் தொங்கிய விசிலைத் தொட்டு, வானத்தைக் காட்டிவிட்டுப் போனார்.

மாரிக்கண்ணனின் மனைவி பாண்டிச்செல்வி பதினாலாம் நம்பர் அறையில் மருந்து செலுத்துகிறாள். அந்நேரம் அவள் உள்ளே போயிருப்பாள்.

*

அன்வர் விருதுநகரிலிருந்து வந்து சேரப் பத்து மணி ஆனது. பஜாரில் கம்ப்யூட்டர் சர்வீஸ் கடை வைத்திருப்பவர். முப்பது தாண்டியிருக்கும். கேட்டால்தான் பேசுவார், கேட்டதற்கு மட்டும்தான் பேசுவார். கேட்டில் சோதனை செய்யும் அய்யம்மாள் அவரை மறித்தாள்.

“சட்டையத் தொட்டுப் பாக்கணும் பாய்.”

தொட்டுப் பார்த்தாள். விரல்களைத் தேய்த்துக்கொண்டாள்.

“இது நைலானு கலந்தது. உரசுனா பொறி பறக்கும். கழத்துங்க.”

“நான் ஆபீஸ் வரைக்கும்தான போறேன்?”

“ஆபீஸும் கேட்டுக்கு உள்ளதான இருக்கு. போன வருசம் இன்ஸ்பெக்டரே கழத்திட்டுத்தான் போனாரு. அவரு தொப்பைய நாங்க எல்லாரும் பாத்தோம். நீங்க என்னத்துக்குக் கூச்சப்படுதீக?”

சோலைமலையின் காக்கிப் பருத்திச் சட்டை ஒன்று கொடியில் கிடந்தது. அதைப் போட்டதும் அன்வர் அதற்குள் காணாமல் போனார். செல்போன், செருப்பு, இடுப்பு பெல்ட் எல்லாம் அய்யம்மாளின் தட்டுக்குப் போயின. பென் டிரைவைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தீக்குச்சி டப்பா கணக்கா இருக்கு. பத்திக்கிடாதுல்ல?”

“பத்தாது.”

“பத்துனா மொதல்ல ஒங்களத்தான் கேப்பேன்.”

மாரிக்கண்ணன் சிரிக்கவில்லை. அன்வரின் போன் தட்டில் போய்விட்டது. அந்தக் கம்ப்யூட்டரில் இன்டர்நெட் கிடையாது. இனி யாரையும் கேட்க முடியாது. அன்வர் தலைக்குள் என்ன இருக்கிறதோ அதுதான்.

அன்வர் உட்கார்ந்தார். பெட்டியைப் படித்தார்.

“யாராச்சும் எதையாச்சும் தொட்டீகளா?”

“இல்ல பாய்.”

சொல்லிவிட்டான். சொன்ன பிறகு அதைத் திரும்ப எடுக்க வழி தெரியவில்லை.

அன்வர் சங்குக்கான புரோகிராமை அட்மின் அதிகாரத்தோடு திறந்து பார்த்தார். ஆக்சஸ் டினைட். கம்ப்யூட்டரை அணைத்துப் போட்டார். அதே பெட்டி. அத்தியாவசியமானதை மட்டும் ஓடவிடும் சேஃப் மோடில் ஏற்றினார். அதே பெட்டி. கருவியிலிருந்து வரும் ஒயரைக் கழற்றி, முனையைத் துடைத்து, மாட்டினார். ரெஜிஸ்ட்ரிக்குள் போய் அந்தப் பகுதியைச் சொடுக்கினார். திறக்க முடியவில்லை என்றது. நகல் எடுக்கப் பார்த்தார். அதுவும் முடியவில்லை. வெளியே வெயில் வெள்ளையாக அடித்தது. வானத்தில் பஞ்சுத் துணுக்குக்கூட இல்லை. சோலைமலை வேப்பமர நிழலில் நின்று மேற்கே மலைப் பக்கம் பார்த்துக்கொண்டிருந்தார்.

மணி பன்னிரண்டரை ஆனது.

“டிஸ்க் போயிருக்கும்னு நினைக்கேன்,” என்றார் அன்வர். “அந்த எடம் கெட்டுப்போனாலும் தொறக்காது. கடைக்குக் கொண்டுபோய்ப் பாக்கணும். புதுசா ஏத்தணும்னா சாப்ட்வேர் குடுத்த ஆளு கோயம்புத்தூர்ல இருந்து வரணும்.”

“எம்புட்டு நாளு?” வாசலிலிருந்து சோலைமலை கேட்டார்.

“ரெண்டு நாள், மூணு நாள்.”

அன்வர் குனிந்து ஒயர்களைப் பிடுங்க ஆரம்பித்தார். முதல் ஒயர் கையோடு வந்தது. மாரிக்கண்ணன் அவர் மணிக்கட்டைப் பிடித்தான்.

“டிஸ்க் போகல பாய். நான்தான்.”

அன்வர் நிமிர்ந்து பார்த்தார்.

“நேத்து நான்தான் பூட்டுனேன். எவ்ரிஒன், டினை. வேற யாரும் மாத்தக்கூடாதுன்னுதான் போட்டேன். சங்கே உள்ள போக முடியாதுன்னு தெரியாது.”

வாசலில் சோலைமலை அசையவில்லை. மாரிக்கண்ணன் அவர் பக்கம் திரும்பவில்லை. பிடரியில் அவர் பார்வை சுட்டது.

“காலையில கேட்டனே,” என்றார் அன்வர்.

“கேட்டீக.”

“ரெண்டரை மணி நேரம்.”

“ஆமா பாய்.”

“அவன அப்பறம் வச்சுக்கிடலாம்,” என்றார் சோலைமலை. குரல் உயரவில்லை. “மொதல்ல அதத் தொறங்க.”

அன்வர் ஒயரைத் திரும்ப மாட்டினார்.

“டினைன்னு போட்டா அதுதான் மொதப் பேச்சு. வேற எங்கன என்ன அனுமதி குடுத்திருந்தாலும் செல்லாது. அட்மினும் எவ்ரிஒன்ல அடக்கம். சங்கு புரோகிராமும் அடக்கம். விண்டோஸே அடக்கம். படிக்கக்கூட விடாது. படிக்க மட்டும் விட்டு, மாத்த விடாமப் பூட்டியிருக்கணும். நீங்க வெளிய நின்னு பூட்டல தம்பி. எல்லாரையும் உள்ள போட்டுப் பூட்டிட்டு, நீங்களும் உள்ளயே நின்னுக்கிட்டீக.”

“அப்பம் இதத் தொறக்கவே முடியாதா?”

“இருங்க.”

அந்தப் பகுதியின் மேல் வலது சொடுக்கு. பர்மிஷன்ஸ். பட்டியலைப் பார்க்க உங்களுக்கு அனுமதி இல்லை என்று வந்தது. அன்வர் அதைக் கண்டுகொள்ளவில்லை. அட்வான்ஸ்டு. இன்னொரு ஜன்னல் விரிந்தது. அதன் தலையில் ஒற்றை வரி. ஓனர்: காட்ட இயலவில்லை. பக்கத்திலேயே நீல எழுத்தில் ஒரே ஒரு சொல். மாற்று.

மாரிக்கண்ணன் குனிந்து அந்தச் சொல்லைப் பார்த்தான். உடையவன் பெயரையே சொல்ல மாட்டேன் என்கிறது. ஆனால் உடையவனை மாற்றிக்கொள் என்கிறது.

“இது எப்படி பாய்?”

“அனுமதி வேற, உடைமை வேற. அம்புட்டு அனுமதியையும் பிடுங்கிரலாம். உடைமைய டினை தொடாது. அட்மின் வந்து, இனி இது என் பொறுப்புன்னு எடுத்துக்கிடலாம். அத எந்தப் பூட்டும் தடுக்காது. ஓனரா ஆயிட்டா, உள்ள போக அனுமதி இல்லாட்டியும் பூட்ட மாத்துற உரிமை மட்டும் நிக்கும்.”

“எதுக்கு அப்படி வச்சிருக்கான்?”

அன்வர் சற்று யோசித்தார். “ஒங்கள மாதிரி ஒரு ஆளு வருவாருன்னு தெரிஞ்சு வச்சிருக்கான்.”

அது கேலிதான். ஆனால் மாரிக்கண்ணனுக்கு மயிர்க்கூச்செறிந்தது. எங்கோ கடல் தாண்டி, பல வருஷத்துக்கு முன்னால், பட்டாசையே பார்த்திராத எவனோ ஒருவன் உட்கார்ந்து யோசித்திருக்கிறான். என்றாவது ஒருவன் பயத்தில் எல்லோரையும் பூட்டுவான், தன்னையும் சேர்த்துப் பூட்டுவான், அவனுக்கும் ஒரு வழி வேண்டும் என்று. அன்வர் சுட்டியை நகர்த்த நகர்த்த, இடது பக்கம் ரெஜிஸ்ட்ரியின் கிளைகள் ஓடின. ஆயிரக்கணக்கில் ஓடின. ஒவ்வொன்றுக்கும் ஓர் உடையவன், ஒவ்வொன்றுக்கும் யார் வரலாம் யார் வரக்கூடாது என்று ஒரு பட்டியல். இரண்டு வருஷம் இதன் எதிரில்தான் உட்கார்ந்திருந்தான். ஃபேனைப் போடுவது போலப் போட்டிருக்கிறான், அணைத்திருக்கிறான். தூசி தட்டியிருக்கிறான். உள்ளே இத்தனை பெரிய ஊர் ஒன்று தூங்காமல் நடந்துகொண்டிருந்தது அவனுக்குத் தெரியாது.

அன்வர் ‘அட்மினிஸ்ட்ரேட்டர்ஸ்’ என்று அடித்தார். ஓகே கொடுத்தார். ஜன்னலை மூடித் திரும்பத் திறந்தார். இம்முறை பட்டியல் தெரிந்தது. அதன் உச்சியில், எவ்ரிஒன், டினை, முழுக் கட்டுப்பாடு. அவன் போட்டது அப்படியே நின்றது.

“நீங்களே எடுங்க,” என்றார் அன்வர்.

அந்த வரியைத் தேர்ந்து, நீக்கு என்பதை அழுத்தினான். விரல் வழுக்கியது. சட்டையில் துடைத்துவிட்டு மறுபடி அழுத்தினான். வரி போய்விட்டது. அன்வர் முதலில் ஒரு நகல் எடுத்துப் பென் டிரைவில் வைத்தார். பிறகு சங்கு புரோகிராமை ஓடவிட்டார்.

திரையின் நடுவில் எண் எழுந்தது. 1.3.

“அடுத்து என்ன செய்யணும்?” என்று கேட்ட அன்வர், மாரிக்கண்ணன் முகத்தைப் பார்த்து நிறுத்தினார். “என்ன?”

“இது வெயில்ல பூஜ்யம் புள்ளி ஒண்ணுலதான் நிக்கும் பாய்.”

1.4.

சோலைமலை உள்ளே வந்தார். எண்ணைப் பார்த்தார். வெளியே போனார். தலையை முழுதும் பின்னால் சாய்த்து வானத்தைப் பார்த்துவிட்டு வந்தார்.

“மானம் வெளுப்பாத்தான இருக்கு. மலப் பக்கம் துளி கருப்பு, அம்புட்டுதான். இது பூட்டித் தொறந்ததுல கோட்டி புடிச்சிருச்சா?”

“நெசம்தான்,” என்றார் அன்வர். “இது மேகத்தப் பாக்கல. கம்பத்துல இருந்து வர்றதத்தான் சொல்லுது.”

1.6. 1.6. 1.7.

ஜன்னலில் வெயில். வெயிலில் காயப்போட்ட வெடிக் குழாய்கள். ஓணான் ஒன்று சுவரில் தலையாட்டியது. அந்த நிச்சலனத்துக்கு மேலே, கண்ணுக்குத் தெரியாமல், ஏதோ ஒன்று படிப்படியாக ஏறிக்கொண்டிருந்தது. ஒரு பொருளும் அசையவில்லை. எண் மட்டும் அசைந்தது. மாரிக்கண்ணனுக்குத் தன் கைமயிரைப் பார்க்கத் தோன்றியது. பார்த்தான். அது படுத்துத்தான் கிடந்தது.

1.9.

சோலைமலை விசிலை வாயில் வைத்தார். ஊதவில்லை. எண்ணையே பார்த்துக்கொண்டு நின்றார்.

2.0.

மாடியில் சங்கு எழுந்தது. ஜன்னல் கண்ணாடி நடுங்கியது.

*

அறைகளிலிருந்து ஆட்கள் வந்தார்கள். நாலு நாலு பேராக வந்தார்கள். ஓடக்கூடாது என்பது விதி. கைகளும் முகங்களும் அலுமினியத் தூளில் வெள்ளி பூசியிருந்தன. வெயில் பட்டு அவர்கள் மின்னினார்கள்.

“எங்கனலே இடி? எனக்கு வேர்வைதான் இடிக்குது,” என்றாள் ஒருத்தி.

“மாரிக்கண்ணனுக்குப் பொண்டாட்டியப் பாக்கணும்போல இருந்திருக்கும். சங்க ஊதிட்டான்.”

“அப்பம் அவளுக்கு மட்டும் ஊதச் சொல்லு. எனக்கு இன்னும் நாப்பது குழா பாக்கி.”

மாரிக்கண்ணன் ஆபீஸ் வாசலில் நின்று எண்ணினான். பாண்டிச்செல்வி வந்தாள். அவனைப் பார்த்தாள், எதுவும் கேட்காமல் கூடத்துக்குள் போனாள். அறுபத்து நாலு. கடைசியாக அய்யம்மாள், தட்டோடு, போன்களோடு. சோலைமலை எல்லா அறைக்கும் ஒரு சுற்றுப் போய்ப் பார்த்துவிட்டுக் கூடத்துக்கு வந்து சேர்ந்தார்.

பத்து நிமிஷத்தில் மலைப் பக்கத்துக் கருப்பு, தலைக்கு மேலே வந்துவிட்டது. காற்று முதலில் வந்தது. காய்ந்த குழாய்களை உருட்டிக்கொண்டு போனது. பிறகு காற்று நின்றது. குருவிகள் நின்றன. யாரோ ஒருத்தி பாதி வாக்கியத்தில் பேச்சை நிறுத்தினாள்.

வெளிச்சம் முதலில் மண்ணிலிருந்து எழுந்தது போலத்தான் மாரிக்கண்ணனுக்குத் தெரிந்தது. பத்தாம் அறைக்கும் பதினைந்தாம் அறைக்கும் இடையில் கிடக்கும் வெறும் பொட்டலில் அது நின்றது. இறங்கியது என்று சொல்ல முடியாது. நின்றது. வெள்ளையாக, வேர்விட்ட மரம் போல, ஒரு மூச்சு நேரம். கம்பெனியின் ஒவ்வொரு ஓடும் ஒவ்வொரு கல்லும் நிழலே இல்லாமல் தெரிந்தன. சத்தம் காதில் கேட்கவில்லை, நெஞ்சில் கேட்டது.

அப்புறம் மழை.

பொட்டலில் மண் உருகிக் கருகிய இடத்திலிருந்து ஆவி வந்தது. அங்கிருந்து பதினாலாம் அறை இருபது அடி. அதன் சுவர் நின்றது. கதவு திறந்தபடி கிடந்தது. உள்ளே பாதி செலுத்திய குழாய்கள் தட்டில் வரிசையாக இருந்தன. நாற்பது வருஷமாக வெடியைச் செய்து வாழ்ந்த கூட்டம் அது. கிழக்கு மூலையில் ஒருத்தி கைகளைக் குவித்தாள். பக்கத்தில் நின்றவளும் குவித்தாள். அன்வர் பெரிய காக்கிச் சட்டைக்குள் நின்றபடி உதடுகளை அசைத்தார். சோலைமலை விசிலைக் கழுத்திலிருந்து கழற்றி உள்ளங்கையில் வைத்துப் பார்த்தார்.

மாரிக்கண்ணன் கூட்டத்தை விலக்கிக்கொண்டு போய்ப் பாண்டிச்செல்வி பக்கத்தில் உட்கார்ந்தான். அவள் முந்தானையில் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தாள். வெள்ளி போகவில்லை, இடம் மாறியது.

“காலையில இருந்து சங்கு செத்துக் கெடந்துச்சு,” என்றான். “நான்தான் கெடுத்தேன். அன்வர் பாய்ட்டயும் பொய் சொன்னேன். ரெண்டரை மணி நேரம் சொல்லாம இருந்தேன்.”

“செத்துக் கெடந்தது தெரியும்.”

“யாரு சொன்னா?”

“ஏழு மணிக்கு ஊதல. எங்களுக்குக் காது இல்லையா?”

அவன் அவளைப் பார்த்தான். கூடத்தில் இருந்த மற்றவர்களைப் பார்த்தான். குழாய்க் கணக்கு பேசியவள், கேலி செய்தவள், கைகுவித்தவள். அறுபத்து நாலு பேர்.

“எல்லாருக்குமா தெரியும்?”

“எல்லாருக்கும்தான்.”

“தெரிஞ்சுமா உள்ள போனீக?”

பாண்டிச்செல்வி இதில் கேட்க என்ன இருக்கிறது என்பது போல அவனைப் பார்த்தாள்.

“மருந்து கலந்தாச்சே. அது யாருக்காகக் காத்திருக்கும்?”

பொட்டலில் மின்னல் நின்றதைப் பார்த்தபோதுகூட அவனுக்கு இப்படி மலைப்பு வரவில்லை. நாலு வருஷம் தானும் அந்தத் தட்டுக்கு முன்னால்தான் உட்கார்ந்திருந்தான். அப்போது இது பெரிதாகத் தெரியவில்லை. இரண்டு வருஷத்தில் ஆபீஸ் நாற்காலி எல்லாவற்றையும் மறக்கடித்துவிட்டது.

சோலைமலை வந்து அவன் முன்னால் நின்றார். மாரிக்கண்ணன் எழுந்தான்.

“மொதலாளிட்ட நீயே சொல்லிரு,” என்றார். “நான் சொன்னா வேற மாதிரி ஆயிரும்.”

“சொல்லிருதேன் அண்ணாச்சி.”

“பாய் என்னமோ சொன்னாருல்ல, படிக்க மட்டும் விடுறது, மாத்த விடாதது. அதச் செஞ்சு வாங்கிட்டு, அவரச் சாப்பிட வச்சு அனுப்பு.” போக இருந்தவர் நின்றார். “அஞ்சாக்குனது யாருன்னு கேக்கவே இல்லயே நீ.”

“இல்ல.”

“கேக்காத. நான்தான்.”

அவர் நனைந்துகொண்டே கலவை அறைப் பக்கம் நடந்தார்.

முக்கால் மணி நேரத்தில் மழை விட்டது. அன்வர் ஆபீஸில் எல்லோருக்கும் ‘படிக்கலாம்’ என்பதை மட்டும் வைத்தார். உடைமையை விண்டோஸுக்கே திருப்பிக் கொடுத்தார். எடுத்ததைத் திருப்பிக் கொடுத்துவிட வேண்டும், இல்லாவிட்டால் அடுத்த தடவை வேறொருவன் மாட்டிக்கொள்வான் என்றார். அன்று அவர் கேட்காமலே சொன்னது அது ஒன்றுதான். சோறு வேண்டாம், பஸ்ஸுக்கு நேரமாகிவிட்டது என்று கேட்டுக்குப் போய்த் தன் சட்டையைக் கேட்டார்.

மாரிக்கண்ணன் திரும்பக் கூடத்துக்கு வந்தபோது பெண்கள் எழுந்துகொண்டிருந்தார்கள். முந்தானையை உதறினார்கள், கொண்டையை இறுக்கினார்கள். பாண்டிச்செல்வி வாசல்வரை போய்த் திரும்பினாள்.

“இங்கன என்ன நிக்கீக? போயி அதும் முன்னால உக்காருங்க. நாங்க உள்ள போகணும்ல.”